அப்பாவைச் சார்ஜில் போட்ட வீடு

“...கட்டிலுக்குக் கீழயும் பாத்தாச்சு, இல்ல. போனுக்குள்ளயும் இல்ல. நீயும் வந்து தேடு மாமா, எங்க அப்பாவக் காணல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என் தங்கை மகள். மூன்று வயது இன்னும் நிறையவில்லை. கையில் அம்மாவின் போன், கண்ணில் நிறைய கவலை. அவள் அதை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதுதான் விஷயம். துபாயிலிருந்து லீவில் வந்து சில நாட்களே ஆகியிருந்த அவளுடைய சொந்த அப்பாவிடம்.

அவர் என்ன செய்வார், பாவம். முட்டுக்குத்தி உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஒரு பழைய செருப்பையும் ஒரு பந்தையும் வெளியே இழுத்துப் போட்டார். “இஞ்ச இல்லியே மக்களே” என்றார். தன்னைத் தானே தேடி, தான் அங்கே இல்லை என்று பிள்ளைக்கு உறுதியும் சொன்ன மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்து முற்றத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. மனைவிக்கு அக்கா என்பதால் அவருக்கு நான் மைனி.

“மைனி, அவ என்னையக் கண்டு பயந்து அழுதான்னா எனக்கு ஒண்ணுமில்ல. வெறுத்தாக்கூட முட்டாய் குடுத்து சரிக்கட்டிரலாம். இவ நல்ல ஸ்நேகமாட்டு, மடியில இருந்துட்டு மாமாங்குதாளே. என்ன செய்யச் சொல்லுதிய?”

“பிள்ளதான தம்பி. பைய மாறும்.”

“எப்போ மாறும்? ஒரு மாச லீவு. இதுல போனா, அடுத்தது ரெண்டு மூணு வருஷம் கழிஞ்சு. பொறந்து கையில வாங்கினதுக்குப் பெறவு இப்பதான் பாக்கேன். போறதுக்கு முன்ன ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, எனக்க மூஞ்சியப் பாத்து அப்பான்னு விளிச்சாப் போரும் மைனி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவர் அங்கே கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிறவர். பேச்சு குறைவு. அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் தொடர்ச்சியாக வந்ததே எனக்கு ஆச்சரியம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மயிலாடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறைகளில் கல் அறுக்கிற மெஷின் ஓடுவதால் பகலெல்லாம் கடைக்குள் வெள்ளைப் பொடி படியும். துணியும் கையுமாக இருப்பேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பி.எட். கல்லூரி. அங்கே படிக்கிற பிள்ளைகள் குழந்தை உளவியல் நோட்ஸை என்னிடம்தான் பிரதி எடுப்பார்கள். பிளஸ் டூவோடு என் படிப்பு நின்றுபோயிற்று. மெஷினிலிருந்து சூடாக வந்து விழுகிற தாளை அடுக்கும்போது வாசிக்கத் தொடங்கினேன், இன்றுவரை நிறுத்தவில்லை. ஒரே ஒரு கஷ்டம். பரீட்சைக்கு வரும் என்று யாரோ சொன்ன பக்கங்களை மட்டும்தான் அந்தப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அதனால் குழந்தையின் வளர்ச்சியில் முதல் நிலையும் மூன்றாம் நிலையும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் நிலை அடுத்த வருஷத்து பேட்ச்தான் கொண்டுவந்தது. என் அறிவு முழுவதும் இப்படி இடையிடையே பக்கம் விட்டுப்போன அறிவு.

அந்தப் பக்கங்களில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட வார்த்தைகள் இரண்டு: தன்வயப்படுத்துதல், பொருந்தச் செய்தல். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. பிள்ளை தன் தலைக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டால், ஏற்கெனவே இருக்கிற அறை ஒன்றில் அதை வைக்கப் பார்க்கும். நாலு கால் கண்டதெல்லாம் மாடு, ஆடும் மாடு, நாயும் மாடு. இது முதல் வார்த்தை. எந்த அறையிலும் கொள்ளாத சாமான் ஒன்று வந்து நின்றால், பிள்ளை சுவரை இடித்து வேறு மாதிரி கட்டும். அது இரண்டாவது. இதை நான் என் பாணியில் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, “எங்க வீட்ல ஒருத்தரும் சுவரு இடிச்சதா தெரியல்ல அக்கா, எல்லாருக்கும் பழைய ரூம்தான்” என்றாள். பில் போடுவதை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

தங்கை மகளின் தலைக்குள் அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்பது ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது எனக்குத் தெரிந்தது. தங்கை அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை வேலையாக இருந்த தங்கை, திரும்பிப் பார்க்காமலே மகளிடம் கேட்டாள்:

“ஏட்டி, அப்பாவ சார்ஜில போட்டியா?”

“போடுதேன்” என்று சின்னவள் ஓடினாள்.

சோற்றுக்கும் வாய்க்கும் நடுவே அவர் கை நின்றது. “ஆர? என்னையவா?”

தங்கை அகப்பையோடு திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, “பின்ன? இத்தன நாளும் நீங்க அதுலதான இருந்திய?” என்றாள்.

அந்த வீட்டின் பேச்சையே அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்துக் கேட்டேன். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடிக்கும். “அப்பா வந்தாச்சு!” என்று தங்கை கூவுவாள். பேசி முடிந்ததும், “அப்பா போயாச்சு.” படம் அசையாமல் நின்றுவிட்டால், “அப்பா மாட்டிக்கிட்டாவ.” போன் கீழே விழுந்தால், “ஐயோ, அப்பா போச்சு.” எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருப்பதால், இந்தப் பேச்சு யார் காதிலும் விசித்திரமாக விழுவதில்லை. நானே அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்களான நமக்கு அது ஒரு சுருக்கம். சின்னவளுக்கு அதுதான் உலகம். அப்பா என்றால் கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கிற, உள்ளங்கை அளவு சிரித்த முகம். சாயங்காலம் வரும், சார்ஜ் குறைந்தால் போகும். நாம் சொன்னதை எல்லாம் அவள் ஒரு பிசகும் இல்லாமல் கற்றிருந்தாள்.

மாமா என்கிற அறையும் அப்படித்தான். வீட்டு வாசலுக்கு வருகிற எந்த ஆணையும் பிள்ளைக்கு மாமா என்று சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. பைக்கில் ரொட்டி கொண்டுவருகிறவர் ரொட்டி மாமா. மீட்டர் பார்க்க வருகிறவர் கரண்ட் மாமா. ஒருநாள் பெரிய பெட்டியோடு, கமகம என்று வாசனையோடு ஒரு புது ஆள் வாசலில் வந்து இறங்கினார். அவள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவருக்குச் சரியான அறையைத் திறந்துவிட்டாள்: சென்ட் மாமா.

அவர் வந்த அன்றிலிருந்து சாயங்காலம் போன் அடிப்பது நின்றுவிட்டது. நின்றுதானே போகும், போன் பண்ணுகிறவர் வீட்டில் இருக்கிறாரே! அவள் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். சென்ட் மாமா வந்தார், அப்பா காணாமல் போனார். அவள் அந்த மாமாவைச் சந்தேகப்படவில்லை, கோபிக்கவில்லை. கூட வந்து தேடச் சொன்னாள்.

ஊர் சும்மா இருக்குமா? மதில் மேல் கை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். “ஏலே, உனக்க மொவளுக்கு நீ மாமனாமே? அப்போ பிள்ளைக்குக் காது குத்துக்கு நீதான சீரு கொண்டுவரணும்?”

“வேலையப் பாத்துட்டு போங்கண்ணே” என்றார் இவர், சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளையை நிறுத்தி வைத்து, “ஏட்டி, இதாக்கும் அப்பா! சொல்லு, அப்பா!” என்று அதட்டினாள். சின்னவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பாகப் பேசுகிறவர்களிடம் பெரிய மனுஷர்கள் காட்டுகிற பொறுமையோடு, “இது மாமா” என்றாள்.

நான் என் ஜெராக்ஸ் அறிவை எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பற்றி ஒரு பக்கம் வாசித்திருந்தேன். சின்னஞ்சிறு பிள்ளைக்குப் படமும் ஒரு சாமான்தான். தாளில் இருக்கிற பிஸ்கட்டை விரலால் கிள்ளி எடுக்கப் பார்க்கும். அந்தப் படம் வேறெங்கோ இருக்கிற ஒன்றைக் காட்டுகிறது என்பது, வளர வளரத்தான் அதற்குப் பிடிபடும். எப்படிப் பிடிபடும் என்பது அடுத்த பக்கம். அதை யாரும் பிரதி எடுக்கவில்லை. இருந்தாலும் தைரியமாகக் கல்யாண ஆல்பத்தைத் திறந்து, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவரைத் தொட்டு, “இது ஆரு?” என்றேன்.

“அப்பா!”

படத்தைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். “அப்போ இது?”

அவள் நன்றாகப் பார்த்தாள். வலது கையை விரித்துக் காட்டி, “எங்க அப்பா இம்புட்டு. மாமா பெருசு” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். “உங்க புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு மைனி?”

“அந்தப் பக்கம் நம்ம கைக்கு வரல்ல தம்பி.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேச்சிப்பாறை அணைக்குப் போனோம். அவர்தான் கூப்பிட்டார், பிள்ளையோடு ஒருநாள் முழுக்கச் சுற்றினால் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருப்பார். சின்னவள் அவர் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அணையைப் பார்த்து, “எம்புட்டு வெள்ளம்!” என்றாள். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். அவர் வாயெல்லாம் பல். இறங்கி வரும்போது அவள் குனிந்து அவர் காதில் ரகசியம் போலச் சொன்னாள். பின்னால் வந்த எனக்கும் கேட்டது.

“அப்பா கிட்டுனா அப்பாவையும் இஞ்ச கூட்டிட்டு வரணும், என்ன மாமா?”

“வரலாம் மக்களே” என்றார். பஸ் நாகர்கோவில் வருவதற்குள் அவள் அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

லீவு முடிகிற வாரம் வந்துவிட்டது. பெட்டிக்குள் முறுக்கும் மீன் ஊறுகாயும் ஏறத் தொடங்கின. ஒருநாள் கடையடைத்துவிட்டு அங்கே போயிருந்தேன். கல் பட்டறைகள் ஓய்ந்து தெரு அமைதியாகிற நேரம். சின்னவள் வழக்கம்போல போனைக் கையில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள், யாரோ வரப்போவதைப் போல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் திடீரென்று எழுந்து தன் போனை எடுத்துக்கொண்டார்.

“எங்க போறிய?” என்றாள் தங்கை.

“டெரசுக்கு. அங்க நின்னு வீடியோ கால் போடுதேன். நேர்ல இல்லன்னாலும் போனுலயாவது ஒரு வாட்டி விளிக்கட்டு. அதக் கேட்டுட்டுப் போறேன்.”

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வெளிப்படி ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அப்பா வந்தாச்சு!” தங்கை சொல்லவில்லை, பிள்ளைதான் கூவினாள். அந்தக் கூவலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். “அப்பா! அப்பா, நீ எங்க போன? நான் தேடினேன். மாமாவும் தேடிச்சு.”

“எந்த மாமா மக்களே?” என்றது போன்.

“சென்ட் மாமா. இஞ்ச வந்திருக்கு. பந்து எடுத்துத் தந்திச்சு. தோளுல ஏத்திச்சு. நல்ல மாமாவாக்கும்.” பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, “நீ எங்க நிக்க?” என்றாள்.

“மேல நிக்கேன்.”

“மேலயா? மாமாவும் மேலதான போச்சு. நீ மாமாவப் பாத்தியா?”

திரையில் அவர் முகமும் பின்னால் கறுப்புத் தண்ணீர் டாங்கும் தெரிந்தன. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மாமாவையும் கூட்டிட்டுக் கீழ வா அப்பா” என்று உத்தரவு போட்டாள் சின்னவள்.

அவர் இணைப்பைத் துண்டிக்காமல், போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே இறங்கி வந்தார். அவள் முற்றத்துக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். கடைசிப் படியில் அவர் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். கழுத்தை வளைத்து, அவருக்குப் பின்னால் படியில் இன்னொரு ஆள் இறங்கி வருகிறாரா என்று பார்த்தாள். யாரும் இல்லை. கையிலிருந்த போனைப் பார்த்தாள். அப்பா அதில் இருந்தார். எதிரே சென்ட் மாமா நின்றார்.

“மாமா, அப்பா எங்க?” என்று கேட்டாள். அந்த நொடியில் இரண்டு போனும் பக்கத்தில் வந்ததால் கீ என்று ஒரு கூச்சல். அது ஓய்ந்ததும் அவர் கையிலிருந்த போன், அவள் குரலிலேயே, கொஞ்சம் தாமதித்து, “அப்பா எங்க?” என்றது.

அவள் திடுக்கிட்டாள். அவர் முட்டுக்குத்தி உட்கார்ந்து தன் போனை அவள் பக்கம் திருப்பினார். வேண்டுமென்றே செய்யவில்லை என்று பிறகு சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியிருக்கிறார். அதில் பெரிதாக அவள் முகம் இருந்தது.

“நான்!” என்றாள்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். போனுக்குள் இருந்தவளும் கொஞ்சம் பொறுத்துத் தொட்டாள். நாக்கை நீட்டினாள். உள்ளே இருந்தவளும் நீட்டினாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். முற்றத்து மண்ணில் இரண்டு காலும் இருந்தன. பெருவிரலை மண்ணில் அழுத்திப் பார்த்தாள். நான் போனுக்குள் இருக்கிறேன். இங்கேயும் நிற்கிறேன்.

இதை அவள் வாயால் சொல்லவில்லை. அந்த வயதில் அதற்கு வார்த்தை கிடையாது. ஆனால் அவள் முகத்தில் அது நடந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதுவரை தாளில் மட்டும் வாசித்திருந்த சுவர் இடிகிற காரியம், ஒரு சத்தமும் இல்லாமல், எண்ணெய் தேய்த்துச் சீவிய ஒரு சின்னத் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது. ஆல்பம் காட்டி, அதட்டி, அணைக்குக் கூட்டிப்போய் எங்களால் முடியாததை அவள் தானாகச் செய்துகொண்டிருந்தாள். கோயிலில் நடை திறக்கும்போது கூட்டம் தானாக அமைதியாகுமே, அப்படி ஒரு அமைதி அந்த முற்றத்தில் இருந்தது.

அவர் தன் போனை மறுபடியும் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தன் கையிலிருந்த போனில் அதே முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவரை. திரையில் இருந்த சிவப்பு வட்டத்தை அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டால் அப்பா போய்விடுவார் என்பதால் எப்போதும் அம்மாவைத் தொடவிடாமல் சண்டை போடுவாள். இப்போது தானே, விரலை நீட்டி, அதை அழுத்தினாள். கண்ணாடி கறுத்தது. உடனே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவர் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்திருந்தது, துடைக்கக்கூட அசையவில்லை.

அவள் ஒரு கையால் அவர் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் பலமாக ஒரு அடி வைத்தாள்.

“அப்பா! எங்க போயிருந்த நீ?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குனிந்தபடியே அவர் பின்னால் போனார். வாசல்படி ஏறியதும் அவள் நின்றாள். விரலை விடாமல் திரும்பி, யாருமே இல்லாத மாடிப்படியைப் பார்த்து, மற்றக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

“டாட்டா, சென்ட் மாமா!”